"உங்க ஆளு வந்துட்டாரு": வாசகர் கேள்வி பதில்

டிவியில் வரும் ஆங்கில திகில் படங்களில் ஏன் எப்போதும் ஆபீஸ் பெண் ஒருத்தி மேலதிகாரி மேல் வெறி பிடித்து அலைகிறாள் என்று சென்ற இதழில் ஒரு வாசகி கேட்டிருந்தார். நாலு வரியில் பதில் எழுதினேன். அது போதாது என்பது பிறகு வந்து குவிந்த கடிதங்களில் தெரிந்தது. அதனால் இம்மாதம் மற்றக் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டேன். புது வாசகர்களுக்கு என்னைப் பற்றி ஒரு வார்த்தை. 1982-இல் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். பிறகு பெர்சனல் பிரிவில் கிளார்க் ஆனேன். எச்ஆர் அதிகாரியாக 2023-இல் ஓய்வு பெற்றேன். நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. பார்த்ததையும் படித்ததையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

ஞாயிறு மதியம் வேலை முடித்து உட்கார்ந்தால் டிவியில் இந்த மாதிரிப் படம்தான். புதிதாக வந்த பெண் முதலாளி மேல் ஆசைப்படுவாள். அவர் மேசையில் இருக்கும் குடும்பப் போட்டோவில் மனைவி முகத்தைக் கிழிப்பாள். கடைசியில் வீட்டுக்குள்ளேயே புகுந்துவிடுவாள். என் வீட்டுக்காரர் ஆபீஸுக்கும் போன மாதம் ஒரு புது அசிஸ்டென்ட் வந்திருக்கிறாள். அவர் போன் அடித்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கிறது. நிஜத்தில் இப்படியெல்லாம் நடக்குமா?
எஸ்.ப., பட்டர்வொர்த்

சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உங்கள் கணவர் என்ன செய்தார், அந்தப் பெண் என்ன செய்தாள் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. அவள் பெயரும் இல்லை. கடிதம் முழுக்கப் படத்தில் வந்தவள்தான் இருக்கிறாள்.

அந்தப் படங்கள் எப்படித் தயாராகின்றன என்று தெரிந்தால் படபடப்பு கொஞ்சம் அடங்கும். அமெரிக்காவில் டிவிக்கென்றே முழுநீளப் படம் எடுக்கும் வழக்கம் 1964-இல் என்பிசி நிலையத்தில் தொடங்கியது. பெண்களை மனத்தில் வைத்து 1984-இல் வந்த லைஃப்டைம் சேனல், பின்னாளில் இந்த மாதிரிக் கதைகளுக்கே பெயர் வாங்கியது. ஒரு படத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குவார்கள். விளம்பரம் போக மிஞ்சுவது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அதைப் பல துண்டாக வெட்டி நடுநடுவே விளம்பரம் போடுவார்கள். அந்த நேரத்தில் நீங்கள் வேறு சேனலுக்குப் போய்விடக் கூடாது. ஆகவே ஒவ்வொரு துண்டின் கடைசியிலும் உங்களைத் திடுக்கிட வைக்க வேண்டும். கிழிந்த போட்டோ, செத்த பூனை, பாத்ரூம் கண்ணாடியில் லிப்ஸ்டிக் எழுத்து எல்லாம் அதற்குத்தான். செலவும் அதிகம் இல்லை. ஒரு வீடு, ஓர் ஆபீஸ், ஒரு கார் பார்க் இருந்தால் கதை முடிந்துவிடும். அந்தப் பெண்ணுக்குப் பைத்தியம் முற்றும் வேகம் விளம்பர நேரத்தின் கணக்குப்படி நடக்கிறது.

வேலையிடத்தில் ஒருவர் மேல் ஒருவருக்குப் பித்துப் பிடிப்பது நிஜத்திலும் உண்டு. நாற்பது வருடத்தில் என் மேசைக்கு வந்த எதிலும் கத்தி இல்லை. ஒரு வருடம், ஒன்றரை வருடம் வெளியில் எதுவும் தெரியாமல் ஓடும். அதைப் படமாக எடுத்தால் விளம்பரத்துக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெண்ணின் பெயர் என்ன, எந்த ஊர், எப்படி வேலைக்கு வருகிறாள் என்று சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாகக் கணவரிடம் கேளுங்கள். காலை பெர்ரியில் நின்றபடி, புது இடத்தில் பெயர் கெடாமல் இருக்க வேண்டுமே என்று கவலைப்படும் யாரோ வீட்டுப் பிள்ளையாக இருப்பாள்.

இந்தக் கதைகளில் வெறி பிடிப்பது ஏன் பெண்ணுக்கே? ஆண்கள் எல்லாரும் உத்தமர்களா?
ஆர்.எம்., செந்தூல், கோலாலம்பூர்

இதற்குக் கோபம் இல்லாமல் என்னால் பதில் எழுத முடியவில்லை. யாராவது தன்னை விடாமல் துரத்துகிறார் என்று புகார் கொடுப்பவர்களில் பெண்களே அதிகம், துரத்துபவர்களில் ஆண்களே அதிகம். பல நாடுகளில் செய்த ஆய்வுகள் இதைத்தான் சொல்கின்றன. என் பழைய அலமாரியில் இருந்த கோப்புகளும் அதைத்தான் சொல்லின. படங்கள் மட்டும் தலைகீழாகச் சொல்கின்றன.

1987-இல் "ஃபேட்டல் அட்ராக்ஷன்" வந்தது. கல்யாணமான வக்கீல் ஒருவன், வேலை வழியாக அறிமுகமான பெண்ணோடு ஒரு வார இறுதியைக் கழித்துவிட்டு ஒதுங்கப் பார்ப்பான். அவள் விடமாட்டாள். முதலில் எடுத்த முடிவில் அவள் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்வாள். கத்தியில் அவன் கைரேகை இருந்ததால் போலீஸ் அவனைப் பிடித்துக்கொண்டு போகும். வெளியிடும் முன் சோதனைக் காட்சி பார்த்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஆகவே அவள் கத்தியோடு வீட்டுக்குள் வர, மனைவியே சுட்டுக் கொல்வதாக மாற்றி எடுத்தார்கள். படம் ஓடு ஓடென்று ஓடியது. முதல் முடிவில் அவள் நோயாளி, அவனுக்கும் ஒரு கணக்கு இருந்தது. மாற்றிய முடிவில் அவள் பேய், அவன் கணக்கு அழிந்துவிட்டது. பின்னால் வந்த டிவி படங்கள் அந்தப் பேயைத்தான் தத்தெடுத்துக்கொண்டன என்பது என் எண்ணம்.

உண்மைச் சம்பவத்தை வைத்து எடுத்த டிவி படம் ஒன்றும் இருக்கிறது. 1993-இல் சிபிஎஸ் ஒளிபரப்பிய "ஐ கேன் மேக் யூ லவ் மீ". புரூக் ஷீல்ட்ஸும் ரிச்சர்ட் தாமஸும் நடித்தது. சம்பவம் நடந்தது கலிபோர்னியாவின் சன்னிவேலில், ராணுவத்துக்கு எலெக்ட்ரானிக்ஸ் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தில். 1984-இல் உடன் வேலை செய்த பெண்ணைப் பார்த்த ஓர் ஆண் அவளை விடவே இல்லை. சுமார் 200 கடிதம் எழுதினான். அவள் வேண்டாம் என்று சொன்னாள், திரும்பத் திரும்பச் சொன்னாள். வீடு மாறினாள். 1986-இல் அவனை வேலையை விட்டு நீக்கினார்கள். அப்போதும் அவன் நிற்கவில்லை. அவன் நெருங்கக் கூடாது என்று தடை உத்தரவு கேட்டு அவள் நீதிமன்றம் போனாள். விசாரணை 1988 பிப்ரவரி 17 என்று இருந்தது. 16-ஆம் தேதி அவன் துப்பாக்கிகளோடு அந்த ஆபீஸுக்குள் நுழைந்து 7 பேரைக் கொன்றான். அவளும் சுடப்பட்டு, பிழைத்துக்கொண்டாள். பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதை ஒரு குற்றமாக வைத்து அமெரிக்காவில் முதன்முதலாகச் சட்டம் போட்டது கலிபோர்னியா மாநிலம்தான், 1990-இல். அந்தச் சட்டத்துக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட சம்பவங்களில் இதுவும் ஒன்று.

அந்த வழக்கைப் படித்தபோது துப்பாக்கியைவிட என்னை உலுக்கியது வேறு ஒன்று. ஆரம்பத்தில் அவன் அவள் மேசையில் வைத்தது வீட்டில் சுட்ட பலகாரம். அதற்கு ஏன் நான் அவ்வளவு நேரம் கலங்கிப் போய் உட்கார்ந்திருந்தேன் என்பது அடுத்த பதிலைப் படித்தால் தெரியும்.

எங்கள் பிரிவில் ஒருவர் தினமும் காலையில் "சாப்பிட்டாச்சா" என்று வாட்ஸ்அப் அனுப்புகிறார். நான் பதில் போடுவதில்லை. என் கார் பக்கத்திலேயே அவர் காரை நிறுத்துகிறார். டீம் டின்னரில் என் பக்கத்து நாற்காலியை எல்லாரும் அவருக்கென்று விட்டுவிடுகிறார்கள். தப்பாக ஒரு வார்த்தை பேசியதில்லை, தொட்டதில்லை. தோழியிடம் சொன்னால், "படத்துல வர்ற மாதிரி பேசாத, பாவம் நல்ல மனுஷன்" என்கிறாள். எனக்குத்தான் கற்பனை அதிகமா, அக்கா?
பெயர் வேண்டாம், பாயான் லெப்பாஸ்

கற்பனை இல்லை, தங்கச்சி. உங்களுக்குப் பதில் சொல்லும் முன் என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

1997. எங்கள் பேக்டரி ஸ்டோரில் நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி வேலை செய்தாள். விடியற்காலை நாலே முக்காலுக்கு பேக்டரி பஸ் பிடித்து, பாலம் தாண்டி வருவாள். டெஸ்டிங் பிரிவில் ஒரு டெக்னீஷியன். அமைதியான பையன், பேசவே கூச்சப்படுவான். அவனுக்கு அவள் மேல் விருப்பம். தினமும் ஒரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கி வந்து ஸ்டோர் கவுண்டரில் வைத்துவிட்டுப் போய்விடுவான். அவள் முதல் வாரம் நன்றி சொன்னாள். அடுத்த வாரம் வேண்டாம் என்று சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டுப் போனான். அவன் வீடு கெலுகோரில். தீவிலேயே இருப்பவனுக்குப் பேக்டரி பஸ் தேவையே இல்லை. ஆனால் சாயந்திரம் அவள் பஸ்ஸில் ஏறி, பாலத்துக்கு முந்தின நிறுத்தம் வரை நின்றுகொண்டு போவான்.

இது எங்களுக்கெல்லாம் பெரிய பொழுதுபோக்கு. அவன் கேன்டீனுக்குள் வந்தாலே, "ஏய், உங்க ஆளு வந்துட்டாரு" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அவள் தலை குனிவாள். வெட்கம் என்று நாங்கள் முடிவு கட்டினோம். "அவ கூச்சப்படுறா, நீ விடாத" என்று பையனுக்கும் சொல்லி அனுப்பினோம். சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

அவள் காலை ஷிப்டிலிருந்து மதிய ஷிப்டுக்கு மாறினாள். பத்து நாளில் அவனும் ஷிப்ட் மாற்றக் கேட்டு பாரம் கொடுத்தான். காரணம் என்று போட்டிருந்த கட்டத்தில் "சொந்த வேலை" என்று எழுதியிருந்தான். நான் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். அவள் இரவு ஷிப்டுக்குப் போனாள். மறுபடி அவன் பாரம், மறுபடி என் கையெழுத்து. அவள் திரும்பக் காலைக்கு வந்தாள். மூன்றாவது பாரத்திலும் என் கையெழுத்துதான்.

பிறகு அவள் கேன்டீனில் சாப்பிடுவதை நிறுத்தினாள். ஸ்டோருக்குள் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று சொன்னார்கள். மாதம் இரண்டு எம்சி, மூன்று எம்சி என்று மருத்துவ லீவு வந்தது. ஐந்து வருட வேலையை 1998 தொடக்கத்தில் விட்டாள். பொருளாதாரம் விழுந்து கிடந்த நேரம், யாரும் வேலையை விடாத நேரம். விலகும் பாரத்தில் "வீட்டுக் காரணம்" என்று எழுதினாள். அதையும் வாங்கி வைத்தவள் நான்தான்.

எட்டு வருடம் கழித்து புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கல்யாணத்தில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் ஒரு பிள்ளை. நலம் விசாரித்துவிட்டு, அந்தப் பையனைப் பற்றி ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகம் மாறிவிட்டது. "எனக்கு அவரைவிட உங்க எல்லார் மேலயும்தான் பயமா இருந்துச்சு அக்கா. யார்கிட்ட போய் சொல்றது? நீங்களும் சிரிச்சீங்க" என்றாள். அன்று பந்தியில் உட்கார்ந்தேன், சாப்பாடு இறங்கவில்லை.

அந்தப் பையனையும் நினைத்துக்கொள்கிறேன். அவள் வாயால் வேண்டாம் என்றதை அவன் கேட்டான். ஆனால் ஐம்பது பேர் சேர்ந்து, அது வேண்டாம் இல்லை, வேணும் என்று அவனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னோம். டிவி படத்தில் தோழி ஒருத்தி எச்சரிக்க வந்து செத்துப்போவாள். நிஜத்தில் தோழிகள் பக்கத்து நாற்காலியைக் காலி செய்து கொடுக்கிறார்கள்.

ஆகவே உங்கள் காரியத்தை இரண்டு பக்கமும் செய்ய வேண்டும். அவருக்கு ஒரே ஒரு தடவை, எழுத்தில், சுருக்கமாகச் சொல்லுங்கள்: "வேலை விஷயம் தவிர எனக்குச் செய்தி அனுப்ப வேண்டாம். எனக்கு இதில் விருப்பம் இல்லை." மன்னிப்பு கேட்காதீர்கள், காரணம் சொல்லாதீர்கள், சிரிப்பு முகம் போடாதீர்கள். பிறகு என்ன வந்தாலும் பதில் போடாதீர்கள். இருபது செய்திக்கு ஒரு பதில் போட்டால், இருபது அனுப்பினால் ஒன்று கிடைக்கும் என்றுதான் அந்த மனம் கற்றுக்கொள்ளும். வந்த செய்திகளை அழிக்காமல் தேதியோடு வையுங்கள். கார் பார்க் விஷயத்தை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

தோழிக்கும் அதே கண்டிப்போடு சொல்லுங்கள். "இந்தப் பேச்சு எனக்குச் சிரிப்பு இல்லை. நீ சிரித்தால் அவருக்குத் தைரியம் வருகிறது." நாற்காலியைக் காலி செய்தால் நீங்கள் எழுந்து வேறு மேசைக்குப் போங்கள். நாலு பேர் பார்க்கட்டும்.

அதற்கு மேலும் தொடர்ந்தால் எச்ஆருக்கு எழுத்தில் கொடுங்கள். பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பை வேலையிடத்தில் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும் என்பது 2023 ஜனவரி 1 முதல் தொழிலாளர் சட்டத்தில் கட்டாயம். அப்படிப்பட்ட புகாரை முதலாளி விசாரிக்க வேண்டும். மறுத்தால் 30 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். 2022-ஆம் ஆண்டின் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டப்படி இப்போது தனி நடுவர் மன்றமும் இருக்கிறது. அது 2,50,000 ரிங்கிட் வரை இழப்பீடு கொடுக்கச் சொல்லலாம். விசாரணை மூடிய அறையில்தான் நடக்கும்.

"தப்பாக ஒரு வார்த்தை பேசியதில்லை" என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரிதான் எத்தனையோ பெண்களை வாய் மூட வைக்கிறது. 2023 மே 31 முதல் நம் மலேசியாவில் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது தனிக் குற்றம். குற்றவியல் சட்டம் 507ஏ பிரிவு. பின்னால் வருவது, எந்த வழியிலாவது தொடர்புகொண்டே இருப்பது, வீட்டிலோ வேலையிடத்திலோ சுற்றிச் சுற்றி வருவது, பொருள் கொடுப்பது என்று எல்லாமே அதில் வரும். அது உங்களுக்கு மனவேதனையோ பயமோ தரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தால், அல்லது தெரிந்திருக்க வேண்டியதாக இருந்தால், கெட்ட வார்த்தை ஒன்றுமே தேவையில்லை. இரண்டு தடவை நடந்தாலே "திரும்பத் திரும்ப" என்று கணக்கு. தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அதனால்தான் வேண்டாம் என்று எழுத்தில் சொல்லச் சொன்னேன். அதன் பிறகு எனக்குத் தெரியாது என்று அவர் சொல்ல முடியாது.

தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் ஜார்ஜ் டவுன் பக்கம் பெண்கள் மாற்றத்துக்கான மையம் இருக்கிறது. 1985-இலிருந்து பினாங்கில் இந்த வேலையைத்தான் செய்கிறார்கள். போலீஸ் ஸ்டேஷன் போவதற்கு முன்னால் அவர்களோடு ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள்.

வயது 34. கோலாலம்பூரில் ஓர் ஆபீஸில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அம்மா போன வருடம் தவறிவிட்டார், வீட்டில் நான் மட்டும். எங்கள் மேலாளருக்குக் கல்யாணமாகிவிட்டது. லிப்டில் அவர், "ரிப்போர்ட் நல்லா இருந்துச்சு" என்று சொன்னதை மூன்று மாதமாக மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இரவில் அவர் கடைசியாக வாட்ஸ்அப்பில் இருந்த நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் தூங்குகிறேன். ஒருநாள் அவர் வீட்டுத் தெரு வழியாகக் காரை ஓட்டிப் போனேன். அன்றைக்கே டிவியில் அப்படியொரு படம். அந்த வில்லி காருக்குள் உட்கார்ந்து ஒரு வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிவியை அணைத்துவிட்டு அழுதேன். நான் அவளா?
பெயர் வேண்டாம், கோலாலம்பூர்

இல்லை, அம்மா. அந்தப் படங்களில் வரும் எவளும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்க அவளுக்கு ஒரு காட்சியும் கொடுப்பதில்லை.

உங்களைப் பிடித்திருப்பதற்கு ஒரு பெயர் உண்டு. 1979-இல் டாரத்தி டென்னவ் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை "லிமரன்ஸ்" என்று அழைத்தார். ஒருவர் நினைப்பே ஓயாமல் ஓடுவது, அவர் சொன்ன ஒரு சொல்லைத் திருப்பித் திருப்பி மெல்வது, அவருக்கும் இருக்குமோ இருக்காதோ என்ற ஊசலாட்டத்திலேயே அது கொழுத்து வளர்வது. நல்ல நிதானமானவர்களுக்கும் வரும். உணவு போடாவிட்டால் காலப்போக்கில் தணியும்.

டிவி படத்துக்காரர்கள் இதையும் இன்னொன்றையும் போட்டுக் குழப்புவார்கள். அந்த இன்னொன்றை 1921-இல் கிளெராம்போ என்ற பிரெஞ்சு மனநல மருத்துவர் விவரித்து எழுதினார். பெரிய இடத்தில் இருக்கும் ஒருவர்தான் தன்னை முதலில் காதலித்தார் என்று நோயாளி முழுதாக நம்பிவிடுவார். அவர் மறுத்தால், மறுப்பே ரகசிய சைகை என்று எடுத்துக்கொள்வார். அது அரிது, அதற்கு மருத்துவம் வேண்டும். உங்களுக்கு அவர் உங்களைக் காதலிக்கவில்லை என்பது தெரியும். அதனால்தான் அழுதீர்கள்.

அம்மா தவறியதை ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். வீட்டில் "இன்னிக்கு வேலை எப்படிப் போச்சு" என்று கேட்க ஆளில்லாத நேரத்தில் ஒருவர் நல்லா இருந்துச்சு என்று சொல்லியிருக்கிறார். மூன்று மாதம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றதில் எனக்கு ஆச்சரியமில்லை.

இனி அந்தத் தெரு வழியாகப் போகாதீர்கள், ஒரு தடவைகூட. இரவில் போனைச் சமையலறையில் சார்ஜ் போட்டுவிட்டு அறைக்குப் போங்கள். மனதில் இருப்பதை அவரிடம் கொட்டிவிட்டால் நிம்மதி கிடைக்கும் என்று சிலர் சொல்வார்கள். கொட்டாதீர்கள். உங்கள் சுமையை அவர் மேசையில் இறக்கினால், நாளை அவர்தான் மேலே உள்ள கடிதத்தை எனக்கு எழுதுவார். அவரிடம் வேண்டாம், ஆனால் வேறு ஒருவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அக்கா தங்கை, பழைய பள்ளித் தோழி, யாராவது. யாரும் இல்லையென்றால் கோலாலம்பூரிலேயே, மனக்கஷ்டத்தைப் போனில் காது கொடுத்துக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பினர் இருக்கிறார்கள். நடு ராத்திரியிலும் போன் எடுப்பார்கள், பெயர் சொல்லத் தேவையில்லை. தூக்கமும் சாப்பாடும் கெட்டுவிட்டால் அரசாங்கக் கிளினிக்கில் சொல்லி மனநல மருத்துவருக்குக் கடிதம் வாங்குங்கள். அடுத்த மாதம் எனக்கு எழுதுங்கள். அச்சில் போடமாட்டேன், பதில் மட்டும் வீட்டுக்கு வரும்.

நம் சினிமாவில் பெண்ணின் பின்னாலேயே அலைபவன் கதாநாயகன். ஆங்கில டிவி படத்தில் அதே காரியத்தைச் செய்பவள் வில்லி. ஏன் இந்த வித்தியாசம்?
வீ.க., ஆயர் ஈத்தாம்

கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துவிட்டீர்கள். நம் படத்தில் பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பதும், அவள் வீட்டு முகவரியைத் தேடிக் கண்டுபிடிப்பதும் பாட்டாகிவிடும். அவள் மூன்று முறை திட்டினால் நாலாவது முறை சிரித்தாக வேண்டும். பின்னணி இசையை நிறுத்திவிட்டு, அந்தப் பாட்டை அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் 507ஏ-வுக்கு வேண்டிய சாட்சி எல்லாம் அதில் இருக்கும். எங்கள் டெக்னீஷியன் பையன் நாசி லெமாக் வைக்க எங்கே கற்றான் என்று நினைக்கிறீர்கள்? அவனுக்குச் சொல்லிக் கொடுத்த அதே பாட்டுகளைக் கேட்டுத்தான் நாங்களும் கேன்டீனில் குரல் கொடுத்தோம்.

தமிழ் டெலிமூவிக்குக் கதை எழுதுகிறேன். ஆபீஸ் பெண் ஒருத்தி முதலாளி மேல் வெறியாகி, கடைசியில் பாலத்தின் மேல் காரில் துரத்துவதாக முடிவு. தயாரிப்பாளருக்குப் பிடித்திருக்கிறது. நீங்கள் என்ன சொல்வீர்கள்?
ஜே., பிரிக்பீல்ட்ஸ்

தம்பி, பாலத்தில் கார் துரத்தலை ஊரே பார்த்தாகிவிட்டது. பேக்டரியையோ ஆபீஸையோ நம் தமிழ் டெலிமூவி எதிலும் நான் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. மேசை, கம்ப்யூட்டர், கண்ணாடிக் கதவு மட்டும்தான் வருகிறது. நீங்கள் உள்ளே போங்கள்.

துரத்துபவரை நல்ல மனிதராகவே எழுதுங்கள், எல்லாருக்கும் உதவுகிறவராக, கேன்டீன் ஆண்ட்டிக்குப் பிடித்தவராக. பார்ப்பவர்களுக்கும் முதல் அரை மணி நேரம் அவரைப் பிடிக்க வேண்டும். அந்தப் பெண் சாப்பிடும் இடம் மாறிக்கொண்டே வரட்டும். முதலில் ஜன்னலோர மேசை, பிறகு மூலை, பிறகு ஸ்டோர், கடைசியில் கார். வசனமே வேண்டாம், சாப்பாட்டுப் பெட்டியை மட்டும் காட்டினால் போதும். வாட்ஸ்அப் குழுவில் ஐம்பது பேர் அனுப்பும் சிரிப்புப் பொம்மைகளைத் திரை முழுக்கக் காட்டுங்கள். விளம்பரத்துக்கு முன்னால் நிறுத்த இடம் வேண்டும் என்று தயாரிப்பாளர் கேட்டால், அங்கே நிறுத்துங்கள்.

ஒரு கிளார்க்கை வையுங்கள். நடுத்தர வயது, கெட்டவள் இல்லை, வேலையில் சுத்தம். ஷிப்ட் மாற்றும் பாரம் அவள் மேசைக்கு மூன்று தடவை வரும். முதல் தடவை சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவாள், இரண்டாம் தடவையும் போடுவாள். மூன்றாம் தடவை அவள் பேனாவை எடுக்கும்போது கேமராவைக் கொஞ்சம் நேரம் அங்கேயே வைத்திருங்கள். அவள் போடுவாளா மாட்டாளா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். எழுதி முடித்ததும் பிரதியை எனக்கு அனுப்புங்கள்.